இருந்தும் எட்டாத நூல்கள்

(பந்தல்குடியில் நிகழ்ந்த தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

நூலகங்களின் இணைய நூற்பட்டி பற்றி நான் பேசப் போவதாக அழைப்பிதழில் கண்ட நண்பர் சிலர், 'இது நூலகப் பணியாளர் பேச வேண்டிய செய்தியாயிற்றே, தமிழ் மேடையில் இதற்கு என்ன வேலை?' என்று கேட்டனராம். வேலை இருக்கிறது. அதனைச் சொல்லுமுன் நம் மண்ணிலிருந்தே தொடங்குகின்றேன்.

அருப்புக்கோட்டைக்கு அண்மையிலுள்ள பாலவனத்தத்தின் குறுநிலத் தலைவராயிருந்த பாண்டித்துரைத் தேவரை அறியாதார் இங்கிரார். அவர் ஒருமுறை மதுரைக்குச் சென்றிருந்தபோது, உரையாற்றும்பொருட்டுத் திருக்குறளையும் கம்பன் நூலையும் கேட்க, அத்துணைப் பெரிய நகரில் அந்நூல்கள் எளிதிற் கிட்டவில்லை என்றும், அந்த வருத்தமே 1901ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்ற ஒரு தூண்டுதலாயிற்று என்றும் கூறுவர். சங்கத்தோடு நூல்நிலையமும், 'செந்தமிழ்' என்னும் திங்களிதழும் எழுந்தன. நூல் கிட்டவில்லை என்ற ஏக்கம் அன்று ஒரு சங்கத்தையே ஈன்றது!

இன்று நிலைமை வேறு. நூல் இருக்கிறது, ஆனால் இருப்பது தெரியவில்லை. சென்னையிற் கன்னிமரா நூலகம் 1896ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் மதுரையிற் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தன. கோட்டையூர் முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் தேடித் திரட்டிய ஏறத்தாழ ஒரு நூறாயிரம் நூல்களும் இதழ்களும், அவர் மறைவிற்குப் பின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தால் வாங்கப்பெற்று, 1994 முதற் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக விளங்குகின்றன. பந்தல்குடியில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் நூற்பட்டிகளைத் திறந்து தேடலாம். தேடினால் என்ன வருகிறது என்பதுதான் என் பேச்சு.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், இவ்வட்டாரத்தவள், முனைவர் பட்டத்திற்கு நம் வறள்நிலத்துக் கண்மாய்களைப் பற்றி ஆய்கின்றாள். ஒரு பெருநூலகத்தின் இணையப் பட்டியில் 'விருதுநகர் மாவட்டம்', 'கண்மாய்' என்னும் இரண்டையும் இட்டுத் தேடியிருக்கின்றாள். 'பதிவு எதுவும் இல்லை' என்று விடை வந்தது. மும்முறை தேடினாள், மும்முறையும் அதே விடை. தன் ஆய்வேட்டின் முதல் இயலில், 'இவ்வட்டாரக் கண்மாய்களைப் பற்றி முன்னர் எவரும் எழுதிற்றிலர்' என்று எழுதிக் கொணர்ந்து என்னிடம் காட்டினாள். எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது.

நான் கேட்டேன்: 'அம்மா, விருதுநகர் மாவட்டம் என்று தோன்றியது?' அவள் விழித்தாள். அவளைக் குறை சொல்லேன். அவள் பிறந்த காலத்தில் அது விருதுநகர் மாவட்டமாகவே இருந்தது. ஆனால் எண்ணிப் பாருங்கள். 1910ஆம் ஆண்டுக்கு முன் நம் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மதுரை மாவட்டத்தில், இராமநாதபுரம் சேதுபதி நிலத்தில் அடங்கியிருந்தன. அவ்வாண்டு மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் அமைத்தனர். 1985இல் அது மூன்றாயிற்று. நம் பகுதி காமராசர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 1997இல் தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டபோதுதான் விருதுநகர் மாவட்டமாயிற்று. ஆகவே 1868இல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டு வரலாற்றிலும், 1906இல் பிரான்சிசு தொகுத்த மதுரை மாவட்ட விளக்கச் சுவடியிலும், 1972இல் வந்த இராமநாதபுரம் மாவட்ட விளக்கச் சுவடியிலும் நம் மண் இருக்கிறது. ஆனால் விருதுநகர் என்னும் பெயருள்ள மாவட்டம் அவற்றுள் எதிலும் இல்லை! நிலம் அசையாமல் கிடக்கிறது; அதன்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மூன்று முறை மாறிற்று. பட்டியோ ஒட்டிய சீட்டை மட்டுமே அறியும்.

கண்மாய் என்னும் சொல்லும் அப்படியே. நமக்குக் கண்மாய்; வடக்கே ஏரி; நெல்லைச் சீமையிற் குளம்; பேச்சிற் கம்மாய். நீர்ப்பாசனம் பற்றி எழுதிய அறிஞர் ஒருவர் நூலுக்கு 'ஏரி' என்று தலைப்பிட்டிருந்தால், கண்மாய் என்று தேடுவோர்க்கு அஃது என்றும் கிட்டாது. 'இராமநாதபுரம்' என்றும் 'ஏரி' என்றும் 'குளம்' என்றும் மாற்றி மாற்றித் தேடச் சொன்னேன். நூல்கள் வந்தன. ஆய்வேட்டில் அந்த வரியை அவள் அடித்துவிட்டாள். ஆனால் எத்தனை ஆய்வேடுகளில் அத்தகைய வரிகள் அடிக்கப்படாமலேயே அச்சேறியிருக்கும்! ஒருவர் எழுதியதை 'எழுதவில்லை' என்று எழுதுவது, அவர் உழைப்பை இரண்டாம் முறை புதைப்பதன்றோ?

நூலை அழிப்பது தீ என்று நாம் அறிவோம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. ஆனால் எரியாத நூலும் பட்டியில் தவறிவிட்டால், ஆய்வாளனைப் பொறுத்தவரை அஃது இல்லாத நூலே. அங்கே பகைவன் கை. இங்கே நம் கை.

நண்பர்களே! பட்டி என்பது பழைய கலை. தமிழில் அச்சான நூல்களை வகைப்படுத்தி முதன்முதற் பெரும்பட்டி செய்தவர் மர்தாக்கு என்னும் காட்லாந்து நாட்டுச் சமயப் பணியாளர், ஆண்டு 1865. இலண்டன் அருங்காட்சியகத்துத் தமிழ் நூற்பட்டியைப் பார்னெட்டும் போப்பும் செய்து, 1909இல் வெளிவந்தது. நம் நூல்களை எண்ணிப் பட்டி செய்ய அயலார் வேண்டியிருந்தது என்று நாணுவதா, அவர்கட்கு நன்றி சொல்வதா என்று எனக்கு இன்றளவும் விளங்கவில்லை. இரண்டும் செய்யலாம்.

பின்னர் நம்மவர் ஒருவர் எழுந்தார். உலகமே அவரிடம் கற்றது. 1892இற் சீர்காழியிற் பிறந்து, கணக்கு ஆசிரியராயிருந்து, 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய இரங்கநாதனார் 1931இல் நூலகத்திற்கு ஐந்து நெறிகளை வகுத்தார். அவற்றுள் நான்காவது, படிப்பவனின் காலத்தை வீணாக்காதே என்பது. அந்நாளில் நூலகங்களில் இழுப்பறை இழுப்பறையாக அட்டைகள் இருந்தன. ஒருவர் பெயரை ஒருவகையாகத் தேடினால், 'இந்தப் பெயரில் காண்க' என்று வேறோர் அட்டை வழிகாட்டும். அந்தக் 'காண்க' அட்டைதான் நூற்பட்டியின் உயிர்நாடி. அட்டைகளைக் கணினியில் ஏற்றும்போது நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் மட்டும் ஏற்றிக் 'காண்க' அட்டையை விட்டுவிட்டால், பொறி புதிது, பட்டி முன்னையினும் கீழ்!

இனி நம் தவற்றிற்கு வருகின்றேன். இங்குதான் சிலர்க்கு என்மேற் சினம் வரக்கூடும்.

தனித்தமிழ் உணர்வால் நாம் பெயர் மாற்றினோம். வேதாசலம் மறைமலையடிகளானார். சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற்கலைஞர் எனப் புனைந்துகொண்டார். துரை. மாணிக்கம் பெருஞ்சித்திரனாரானார். அடிகளார் தம் 'ஞானசாகரம்' இதழையும் 'அறிவுக்கடல்' ஆக்கினார். இவை நம் பெருமிதத்திற்குரியவை, அதில் ஐயமில்லை. ஆனால் அடிகளாரின் தொடக்க நூல்களின் முதற்பதிப்பில் இருப்பது வேதாசலம் என்னும் பெயர். பட்டியில் வேதாசலம் ஓரிடத்தும் மறைமலையடிகள் வேறோரிடத்தும் கிடந்து, இருவரும் ஒருவரே என்று சொல்லும் இணைப்பு இல்லையாயின், ஆய்வாளன் அடிகளாரின் பாதி வாழ்வையே காண்பான். இதழும் அவ்வாறே: முற்பகுதியை ஒருவன் படிப்பான், பிற்பகுதியை மற்றொருவன் படிப்பான், இருவரும் தாம் கண்டதே முழுமை என்பர்.

'பழைய வடமொழிப் பெயரை ஏன் மறுபடியும் பட்டியில் ஏற்ற வேண்டும்? மறைமலையடிகள் என்று மட்டும் போடட்டும்' என்று தோழர் ஒருவர் முன்பொரு கூட்டத்தில் என்னிடம் வழக்காடினார். நான் உடன்படவில்லை, இன்றும் உடன்படேன். மேடை வேறு, ஆவணம் வேறு. முகப்புத் தாளில் உள்ளதை உள்ளவாறு பதிவதும், அதன்பின் எல்லாப் பெயர்களையும் ஒரே ஆளோடு கட்டி வைப்பதுமே பட்டியின் கடமை. வேதாசலம் என்னும் பெயரை மறைத்தால், ஒருவர் மறைமலையடிகளாக மாறினார் என்னும் வரலாறும் சேர்ந்து மறையும். அந்த மாற்றந்தானே நமக்கு வேண்டும்?

ஆண்டுக் கணக்கிலும் இதே இடர். நம் வெளியீடுகள் பலவற்றில் திருவள்ளுவர் ஆண்டு மட்டுமே அச்சாகியிருக்கும். வழக்கிலுள்ள ஆண்டோடு 31ஐக் கூட்டினால் வள்ளுவர் ஆண்டு. அதை நாம் அறிவோம். 2012 என்று முகப்பில் உள்ள நூலைப் பதிவு செய்பவர் அறியாராயின், 1981இல் வந்த நூல் 2012இல் வந்ததாகப் பட்டியில் ஏறிவிடும். முப்பத்தோர் ஆண்டுப் பிழை! 1981ஆம் ஆண்டு நூல்களை மட்டும் காட்டு என்று கேட்கும் மாணவனுக்கு அந்நூல் எட்டவே எட்டாது. பழைய நூல்களிலோ அறுபதாண்டுச் சுற்றின் பெயரே உண்டு. பிரபவ என்றிருந்தால் அது 1867ஆ, 1927ஆ? எழுத்து வெட்டையும் தாளையும் உரையையும் பார்த்துத் துணிய வேண்டும். துணிய இயலாதாயின் இரண்டையும் குறிக்க வேண்டும். ஆகவே தமிழ் வெளியீட்டாளர்க்கு ஒரு வேண்டுகோள்: வள்ளுவர் ஆண்டைப் பெரிதாகப் போடுங்கள், பக்கத்திற் சிறிதாகவேனும் மற்றதையும் போடுங்கள். அதனால் நம் கொள்கை குறைந்துவிடாது.

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் இச்செய்தி நிறைவுறாது. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் முதலிய அயல்நாட்டு நூலகங்களில் தமிழ் நூல்களை நெடுங்காலம் உரோமன் எழுத்திலேயே பதிந்து வந்தனர். பழைய பதிவுகள் மிகப் பல இன்றும் அவ்வாறே உள்ளன. அம்முறையில் லகரத்திற்கு ஓர் எழுத்து. ளகரத்திற்கு அதன்கீழ் ஒரு புள்ளி. ழகரத்திற்கு அதன்கீழ் ஒரு கோடு. செம்மையான முறைதான். ஆனால் தேடுவோர் புள்ளியும் கோடும் இடமாட்டார். பொறியும் அவற்றைத் தள்ளிவிட்டே ஒப்பிடும். விளைவு என்ன? மழையும் மலையும் ஒன்றாகின்றன! வானம் பார்த்த இந்நிலத்தின் மழையளவைத் தேடுபவனுக்கு மலைகளெல்லாம் வந்து குவியும். வழியும் வலியும் வளியும் ஒன்று. பள்ளியும் பல்லியும் ஒன்று. (சிரிப்பு.) சிரிக்கலாம், தேடிக் களைத்தவன் சிரிக்கமாட்டான். மேலும், மழை என்பதை நம் பிள்ளைகள் ழகரத்திற்கு இரண்டு உரோமன் எழுத்துகளைச் சேர்த்தன்றோ எழுதுகின்றனர்? அப்படித் தேடினால் ஒன்றுமே வராது. தமிழ் நூலைத் தமிழெழுத்திற் பதிய வேண்டும் என்று நாம் கேட்பது வீம்பினால் அன்று. ழகரத்தைக் காக்க வேறு வழியில்லை என்பதனால்.

தமிழெழுத்திற் பதிந்துவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. முன்பு நம் கணினிகளில் ஆளுக்கோர் எழுத்துருக் குறியீடு இருந்தது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் ஒழுங்கு செய்ய முயன்றனர். 2010இல் அரசு ஒருங்குறியை ஏற்றது. இன்று ஒரே குறியீடு வந்துவிட்டது. ஆனால் ஔவையார் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஔ' என்பது ஓரெழுத்து. அதனை 'ஒ', 'ள' என இரண்டெழுத்தாகத் தட்டிவிடுவோர் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பொறிக்கு வேறு வேறு. ஆத்திசூடி பாடிய மூதாட்டி ஒரே பட்டியில் இரண்டு பாட்டியராகப் பிரிந்து நிற்கின்றாள்!

ராஜேந்திரன் என்று ஒருவர், இராசேந்திரன் என்று ஒருவர். முன்னரே குறித்த முத்தையா செட்டியாரின் நூலகப் பெயரின் முதலில் வரும் மலரை நாம் 'உரோசா' என்றே எழுதுவோம். நூலகத்தார் எழுதுவது வேறு. நம் எழுத்தில் தேடினால் அந்நூலகமே கிட்டாது போகலாம். எவரெழுத்துச் செம்மை என்னும் வழக்கைப் பட்டியிடம் கொண்டுபோக வேண்டா. இரண்டில் எதை இட்டாலும் இரண்டும் வரும்படி பொறிக்குக் கற்பிக்க இயலும். இகர முன்னொட்டையும் கிரந்த எழுத்தையும் நிகராகக் கொள்ளும் ஓர் இணைப்பட்டி செய்து கொடுத்தால் போதும்; அதனைச் செய்ய வல்லவர் நம் தமிழாசிரியரே. கணினி வல்லுநர் பொறியை இயக்குவார். தமிழ் அவர் வேலையன்று.

இன்னொன்று, இலக்கணம் கற்றார்க்கே விளங்குவது. 'தமிழிலக்கியம்' என்று சேர்த்தெழுதுவது நம் மரபு; நானும் அவ்வாறே எழுதுவேன். ஆனால் 'இலக்கியம்' என்று தேடுபவனுக்கு அந்நூல் வருமா? ழகர ஒற்றோடு இகரம் கூடி 'ழி' ஆனபோது, 'இ' என்னும் எழுத்தே அச்சொல்லிலிருந்து மறைந்துவிட்டது! பொறி எழுத்தெழுத்தாகப் பார்க்கிறது, இகரம் இல்லை, ஆதலால் இலக்கியமும் இல்லை என்கிறது. புணர்ச்சியைப் பிரித்தறியும் அறிவைத் தொல்காப்பியம் நமக்குத் தந்திருக்கிறது. அதனைப் பொறிக்கு ஊட்டாமல், ஆங்கிலத்திற்குச் செய்த தேடுபொறியை வாங்கித் தமிழை அதிற் கொட்டியிருக்கின்றோம். 'மரம்' என்றால் 'மரத்தில்', 'மரங்கள்' என்பவையும் வரவேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே. அதுவரை, முகப்பில் சேர்ந்திருப்பதை உள்ளபடியே பதிந்து, அருகிற் பிரித்தும் ஒருமுறை பதிந்துவிட்டால் பெரும்பகுதி இடர் தீரும். செலவு? ஒரு வரி.

இதழ்களைப் பற்றி விரிக்கப் பொழுதில்லை. 'செந்தமிழ்' தொகுதி இத்தனை என்று பட்டி சொல்லும். அதனுள் யார் எதை எழுதினார் என்று சொல்லாது. ஆய்வாளனுக்கு வேண்டியது உள்ளே இருக்கும் கட்டுரை.

நூலகங்களிற் பணி செய்வோரை நான் பழிக்கவில்லை. ஆள் குறைவு, நூல் மிகுதி என்பதை அறிவேன். ஆனால் பட்டியைத் திருத்த வேண்டியவர் அவர்கள் மட்டுமல்லர். ஒவ்வொரு பதிவின் அடியிலும் 'இப்பதிவிற் பிழையுண்டா? தெரிவிக்க' என்று ஓரிடம் விடட்டும். இங்குள்ள புலவர் ஒருவர், இம்முகப்பில் உள்ள 2012 வள்ளுவர் ஆண்டு என்று எழுதி அனுப்பினால், சென்னையில் உள்ளவர் ஒரு நொடியில் திருத்துவார். அந்த இடத்தைக் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு. விட்டால் நிரப்புவதும் நம் பொறுப்பு.

இறுதியாக ஒரு பணி. அடுத்த திங்கட் கூட்டத்திற்கு வருவோர் தத்தம் வீட்டில் உள்ள பழைய நூலொன்றின் முகப்புத் தாளையும் அதன் பின்புறத்தையும் படமெடுத்து வருக. 1985ஆம் ஆண்டுக்கு முன் வந்ததாயின் நன்று. நம் வட்டாரத்தைப் பற்றியதாயின் மிக நன்று. கோயில் மலரும் பள்ளி ஆண்டுமலரும் நெசவாளர் கூட்டுறவு அறிக்கையும் நூல்தாம், எறிந்துவிடாதீர்கள். நான் குறிப்பிட்ட அந்தப் பெண்ணும் வருவாள், கணினியையும் கொணர்வாள். ஒவ்வொன்றையும் நூற்பட்டிகளில் தேடிப் பார்ப்போம். கிட்டாதவற்றையும் பிழையாகக் கிட்டுபவற்றையும் தனித்தனியே எழுதி, நூலகங்கட்கு இவ்வூரிலிருந்தே அனுப்புவோம். மாலை ஐந்து மணிக்கு, இதே இடம்.